நெதர்லாந்தா, கோயமுத்தூரா?

உக்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு கால் ஆட்டம் காட்டும். இதுல உக்காருங்க. தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட் பாக்கற பழனியப்பன் சோத்துக்குப் போயிருக்கறார், தொட்டிச் சாவி அவரு இடுப்புலதான். அரை மணி நேரத்துல வந்துருவார். வந்தவுடனே தொறந்து விடச் சொல்றேன், நீங்க எத்தனை பாட்டில் வேணும்னாலும் புடிச்சுட்டுப் போங்க. நம்ம சாயப்பட்டறையில சுத்தம் பண்ணாத தண்ணி ஒரு சொட்டு வெளிய போகாதுங்க. டீ சாப்பிடறீங்களா? டீ லஞ்சத்துல வராதுங்க. சர்க்கரை போடாத டீ நிச்சயமா வராது.

பொல்யூஷன் போர்டுல இவ்வளவு சின்ன வயசுலயே ஆளு எடுக்கறாங்களா? தப்பா நெனைக்காதீங்க. எங்க தாரணி வயசுதான் இருக்கும் உங்களுக்கு. ஒரே புள்ளைங்க. நீங்க வந்தது ஒரு வகையில நல்லதாப் போச்சு. உங்க வேலை சம்பந்தப்பட்ட படிப்புதான் அவளும் படிக்கப் போறா. நடந்ததைச் சொல்றேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. எம்மேல இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் மூணாவது மனுசன் வாயால கேட்டா ஒரு திருப்திங்க.

தாரணி காலேஜுல கெமிஸ்ட்ரி முடிச்சா. சரி, இனிமே கலர் மாஸ்டருக்கு வெளியாளு தேட வேண்டாம், நம்ம புள்ளையே வந்து பட்டறையைப் பாத்துக்கும்னு நெனச்சேன். அவ என்னடான்னா, "அப்பா, நான் சுற்றுச்சூழல் கொள்கை படிக்கப் போறேன்"கறா. கொள்கைன்னா எனக்குக் கட்சிக்காரங்க மேடையில சொல்றது ஒண்ணுதான் தெரியும். அதுக்கெல்லாமா படிப்பு இருக்குதுன்னு கேட்டேன்.

"இருக்குதுப்பா. ஆத்துல இருந்து யாரு தண்ணி எடுக்கலாம், யாரு என்னத்தை விடலாம், அதை யாரு பாக்கறது, பாக்கறவங்க ஒழுங்காப் பாக்கறாங்களான்னு யாரு பாக்கறது, இதெல்லாம்."

என்ற மச்சான் மயில்சாமி, என் சம்சாரம் ருக்குமணியோட அண்ணன், பக்கத்துல உக்காந்து முறுக்குத் தின்னுட்டிருந்தாரு. "அட சாமி! அப்பன் சாயம் விடறது, மக புடிக்கறது. மாப்ளே, வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேசன் வெச்சுட்டீங்க"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேனுங்க. சிரிக்கறதுக்கு என்ன வந்துச்சு.

அப்பறம் ரெண்டு எடத்துல சீட்டு கெடச்சுது. ஒண்ணு நெதர்லாந்துல. ரெண்டு வருசம் அங்கயே தங்கிப் படிக்கணும், உதவித்தொகையும் குடுக்கறாங்க. இன்னொண்ணு இந்தா இருக்கற கோயமுத்தூருல. ரெண்டு பக்கமும் பதில் சொல்ற கெடு ஒரே வாரத்துல முடியுது.

கோயமுத்தூருக்காரங்க அனுப்புன புத்தகத்தைப் புள்ளை சாப்பிடறப்ப சத்தமாப் படிச்சுக் காட்டுனா. வாரத்துல மூணு நாளு வகுப்பாம், மூணு நாளு வெளியவாம். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு ஓடையில நாலு கிலோமீட்டர் பிரிச்சுக் குடுத்துருவாங்களாம். அந்த நாலு கிலோமீட்டர்ல எந்தப் பட்டறைக் குழாய் எங்க வந்து சேருது, அதுல என்ன தண்ணி வருதுன்னு ரெண்டு வருசம் நடந்து நடந்து எழுதணுமாம். எந்தெந்த ஓடைன்னு ஒரு லிஸ்டு போட்டிருந்தாங்க. நம்ம காம்பவுண்டுக்குப் பின்னால ஒண்ணு போகுதுங்களே, அதுவும் இருந்துச்சு.

அன்னிக்கே எனக்குத் தோணிப் போச்சுங்க, புள்ளை நெதர்லாந்துதான் போகோணும்னு. படிப்புக்காகத்தான் சொல்றேன். வேற எதுக்குங்க?

ருக்குமணி அழுதா. "பொட்டப்புள்ளையைக் கண்காணாத சீமைக்குத் தனியா அனுப்பறதுங்களா?"ன்னா. நான் எடுத்துச் சொன்னேன். பொண்ணுன்னா என்ன, பையன்னா என்ன, உலகத்தைப் பாக்கோணும், இந்த ஊருக்குள்ளயே சுத்திட்டிருந்தா எப்பன்னு ஒரு மணி நேரம் பேசுனேன். எனக்கே ஆச்சரியமாப் போச்சு, நானா இதைப் பேசறேன்னு. சொந்தம், ஒறம்பரைக்காரங்க காதுல விழுந்து, அவங்க மூலமா எங்க சாயப்பட்டறைச் சங்கத்துக்குப் போயி, மகளிர் தினத்தன்னிக்கு என்னை மேடையில ஏத்தி, 'நாச்சிமுத்து அண்ணன் மாதிரி ஒரு அப்பா ஊருக்கு நாலு பேரு வேணும்'னு சால்வை போத்துனாங்க. போட்டோ அதா மாட்டியிருக்குது பாருங்க. இல்லீங்க, காலண்டருக்கு அக்கட்டால.

புள்ளை எதையும் எழுதிப் பாத்துத்தான் செய்வா. பிரிட்ஜு கதவுல ஒரு அட்டை ஒட்டுனா. இந்தப் பக்கம் நெதர்லாந்து, அந்தப் பக்கம் கோயமுத்தூர். வாத்தியாருங்க எப்படி, பாடம் எப்படி, வெளி வேலை எப்படி, பின்னால உத்தியோகம் எப்படி, சோறு எப்படின்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனைன்னு மார்க்கு போட்டா. கூட்டிப் பாத்தா கோயமுத்தூரு ரெண்டு மார்க்கு முன்னால நிக்குது.

நான் தலையிடலைங்க. புள்ளைங்க முடிவுல தலையிடற அப்பன் நான் இல்லை. நெதர்லாந்துல பாடத்துக்கு ஆறுன்னு போட்டிருந்தா, அந்த ஆறை மட்டும் எட்டாக்குனேன். ஆறை எட்டாக்கறது சுலபந்தானுங்க, மேல ஒரு வளைவு வளைச்சா ஆச்சு. கோயமுத்தூருக்கு வெளி வேலையில ஒம்பது போட்டிருந்தா. அதை நாலாக்கலாம்னு பாத்தேன், அசிங்கமா வந்துச்சு, விட்டுட்டேன்.

மறுநா காலையில பாத்தா, மார்க்கெல்லாம் மறுபடியும் பழையபடி இருக்குது. பக்கத்துல பச்சை மையில புதுசா ஒரு கட்டம். மேல 'அப்பாவின் மனசாட்சி'ன்னு தலைப்பு. நெதர்லாந்துக்கு நேரா மேல இருந்து கீழ வரைக்கும் பத்து, பத்து, பத்து. சோத்துக்குக்கூடப் பத்து. ருக்குமணி அதைப் பாத்துட்டு மாவு கரைச்ச கையோட உக்காந்து சிரிக்கறா. எனக்கு என்ன சிரிப்புன்னே புரியலை.

சோத்தைப் பத்தி நான் சும்மா சொல்லலை சார், விசாரிச்சேன். தெரிஞ்சவங்க பையன் ஒருத்தன் அங்க இருக்கறான், போன் போட்டுக் கேட்டேன். "மாமா, மார்கழி மாசம் நாலரைக்கெல்லாம் இருட்டிரும். மத்தியானத்துக்கு ஆறிப்போன ரொட்டிதான். மழை வந்துச்சுன்னா நிக்காது"ன்னான். நான் புள்ளைகிட்டச் சொன்னேன்: "நேரத்துல தூங்கலாமாம் கண்ணு. மத்தியானம் அடுப்புப் பத்த வெக்கற வேலையே இல்லையாம். நல்ல மழையாம்." பொய் சொன்னனுங்களா? ஒரு வார்த்தை பொய் இல்லை.

கெடு முடிய ஆறு நாளு. ருக்குமணிதான் சொன்னா, "ஏனுங்க, பேசாம கோயில்ல பூக் கேட்டுரலாம்"னு. உங்களுக்கு எந்தப் பக்கமுங்க? நாகப்பட்டினமா? அப்பத் தெரியாது. எங்க பக்கத்துல போர்வெல் போடறதுன்னாலும் பொண்ணு எடுக்கறதுன்னாலும் குலதெய்வத்துகிட்டப் பூக் கேக்காமச் செய்ய மாட்டோம். ஒரு பொட்டலத்துல செவ்வரளி, ஒரு பொட்டலத்துல வெள்ளரளி. ரெண்டும் வெளியில பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கோணும். சாமி காலடியில வெச்சுக் கும்பிட்டு, ஒண்ணை எடுத்துப் பிரிக்கோணும். என்ன பூ வருதோ அதுதான் உத்தரவு. அதுக்கு மேல பேச்சில்லை.

புள்ளை ஒத்துக்க மாட்டான்னு நெனச்சேன். "சரிம்மா, கேக்கலாம்"னுட்டா. "பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் போட்ட அட்டையை விட இது நேர்மை, இதை யாரும் திருத்த முடியாது"ன்னா. என்னைப் பாத்துத்தான் சொன்னா.

சிகப்பு வந்தா நெதர்லாந்து, வெள்ளை வந்தா கோயமுத்தூர்னு பேசி வெச்சோம். பொட்டலம் கட்டற வேலை எனக்கு. பாதிக்குப் பாதின்னு சொன்னா பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துச்சு. சாமி நல்லதுதான் செய்யும், சரி. ஆனா எங்க சாமி காவல் தெய்வமுங்க, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் நிக்கறது. அதுக்கு நெதர்லாந்தைப் பத்தி என்ன தெரியும்? எதுக்கு அதைச் சிரமப்படுத்தறதுன்னு ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளியவே வெச்சுக் கட்டிட்டேன். மூணு தடவை தோப்புக்கரணம் போட்டுட்டுத்தான் கட்டுனேன். சாமிக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் கணக்கு மிச்சமில்லை.

புள்ளை கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்துப் பிரிச்சா. செவ்வரளி. எப்படி வேற வரும்? ருக்குமணி முந்தானையால கண்ணைத் தொடச்சுட்டு, "சாமியே சொன்னதுக்கப்பறம் நான் என்ன சொல்றது"ன்னா. மயில்சாமி கன்னத்துல போட்டுட்டாரு. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருந்துச்சுங்க.

இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டாங்க. அப்படியே கோயில் மரத்தடியில வெச்சுட்டு வர்றதுதான் மொறை. எனக்குத் தெரிஞ்சு எங்க ஊருல ஒருத்தரும் பிரிச்சதில்லை. பிரிக்கறது சாமியைச் சந்தேகப்படற மாதிரி. ஆனா இவ கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளை, எதையும் ரெண்டாவது தடவை சரி பாத்தாத்தான் தூக்கம் வரும். அதை நான் மறந்து போனேன். கார்ல திரும்பி வர்றப்ப, பின் சீட்டுல பையைத் தொறக்கற சத்தம் கேக்குது. கண்ணாடியில பாத்தேன். மரத்தடியில வெக்க வேண்டிய பொட்டலம் அவ கையில.

"அப்பா, வெள்ளரளி எங்கப்பா?"

"பக்கத்துல இருந்ததுல இருந்து சாயம் ஏறியிருக்கும் கண்ணு"ன்னேன். மயில்சாமி சிரிச்ச சிரிப்புல காரே ஆடுது. "முப்பது வருசமாச் சாயம் போடற மனுசன் சொல்ற பதிலா இது மாப்ளே?" ருக்குமணி என்ற தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனா. சாமிகிட்டயே பொய்யான்னு கோவம்.

தாரணி சிரிக்கலைங்க. மத்த நாளா இருந்தா அவதான் மொதல்ல சிரிப்பா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாளு பேச்சில்லை. கேட்டதுக்கு உம்முன்னு ஒரு பதில், அவ்வளவுதான். பிரிட்ஜுல இருந்த அட்டையையும் கிழிச்சுட்டா.

போன ஞாயித்துக்கிழமை நல்ல மழை பேஞ்சுது பாருங்க, அன்னிக்குச் சாயங்காலம் கொடையைப் புடிச்சுட்டுப் பட்டறைக்கே வந்துட்டா. பன்னெண்டாவது படிக்கறப்ப வந்தது, அதுக்கப்பறம் அவ இங்க காலடி எடுத்து வெக்கலை. நேரா ஆபீசுக்கு வருவான்னு பாத்தா, பாய்லருக்குப் பின்னால போயி நின்னா. நான் அங்கதான் இருந்தேன்.

"மழைன்னா எல்லார் வீட்டுலயும் அப்பா நனையாம வீட்டுக்கு வந்துருவாங்க. எங்க அப்பா மட்டும் சோத்துத் தட்டுல இருந்து எந்திரிச்சுப் பட்டறைக்குப் போவாரு. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப ஒரு நாளு பின்னாலயே வந்து பாத்தேன். ஓடைக்குத் தண்ணியைத் தொறந்து விடற இந்த வால்வு எனக்கு அப்பவே தெரியும்ப்பா"ன்னா.

அது எப்பவாவதுதாங்க சார். தொட்டி நெறைஞ்சா என்ன பண்றது? மழைத் தண்ணியோட மழைத் தண்ணியாப் போயிரும், யாருக்கும் ஒரு கெடுதலும்... சரி விடுங்க. நான் அப்பறமாச் சொல்றேன் அதை.

"நான் எதுக்கு நெதர்லாந்துக்கு அப்ளை பண்ணேன்னு நெனச்சீங்க? அங்க போனா அந்த ஊரு ஆத்தைப் படிக்கலாம். அங்க இருக்கறது யாரு அப்பன் பட்டறையோ, யாரு அப்பன் கொழாயோ, எனக்கென்ன. உங்களைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் போட்டேன். போறதாத்தான் இருந்தேன். அட்டையில மார்க்கைத் திருத்துனீங்க, சரி, ஆசையில பண்றீங்கன்னு சிரிச்சுக்கிட்டேன். அந்த ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிச்சப்பத்தான் தெரிஞ்சுது. நீங்க என்னைப் பாத்துப் பயப்படறீங்கப்பா."

"பயமா? எனக்கா?"ன்னு கேட்டேன்.

"பெத்த புள்ளை பக்கத்துல இருந்தா வம்புன்னு சாமியவே ஏமாத்தற அளவுக்குப் பயம். இதைத் தெரிஞ்சுட்டு நான் எப்படி அங்க போயி உக்காந்து படிக்கறது?"

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "இந்தத் தண்ணியிலதான்டி உன்ற படிப்பு நடந்துச்சு"ன்னு கத்திட்டேன். கத்துனதுக்கப்பறம் கேவலமா இருந்துச்சுங்க. அவ பதிலுக்குக் கத்தலை. "தெரியும்ப்பா. அதனாலதான் இப்படி வலிக்குது"ன்னா. கண்ணுல தண்ணி. அங்கயே கொடைக்கடியில நின்னுட்டு போனை எடுத்து, கோயமுத்தூருக்குச் சரின்னு அமுக்கிட்டா. நெதர்லாந்துக்கு வேண்டாம்னு அமுக்கிட்டா. ஒரு நிமிசங்கூட ஆகலை. நான் எத்தனை நாளு பாடுபட்டேன்!

போறப்ப ஒண்ணு சொன்னா. "எந்த நாலு கிலோமீட்டர் வேணும்னு கேட்டா, இந்த நாலைத்தான் கேப்பேன். இருக்கறதை எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன்."

பாத்தீங்களா சார், அப்பனையே மெரட்டறா! வீட்டுக்குப் போயி ருக்குமணிகிட்டப் பொலம்புனேன். அவ தோசையைத் திருப்பிப் போட்டுட்டு, "அட மக்கு மனுசா. அது மெரட்டலுங்களா? இல்லாததை எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கறா. இல்லாமப் பண்ணுங்கன்னு அர்த்தம். அவ சேர்ற வரைக்கும் எட்டு நாளு தவணை குடுத்துருக்கறா உங்களுக்கு"ன்னா. கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருசத்துல என்னை மக்குன்னு சொன்னது இதுதான் மொதல் தடவை. மனசுக்குள்ள சொல்லியிருப்பாளோ என்னமோ.

திங்கக்கிழமை சேர்றாளுங்க. இன்னிக்கு வெள்ளி. பொட்டி கட்டிட்டிருக்கறா. கோயமுத்தூருக்கு என்ன பொட்டி, தெனமும் பஸ்ஸுல போயிட்டு வரலாம்னேன். ஆஸ்டல்ல இருந்துக்கறேன்னுட்டா. அதுவும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஒரே வீட்டுல இருந்து சோறு தின்னுட்டு எழுத முடியாதுல்ல.

வெல்டரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கறேன் சார். அந்த வால்வோட கொழாயை அறுத்து எடுத்துட்டு, சுவத்தைப் பூசி வெள்ளையடிச்சுட்டா, அங்க ஒரு கொழாய் இருந்துச்சுன்னு பெரம்மனாலயும் கண்டுபுடிக்க முடியாது. அப்பறம் என்ன வெசனம்னு நேத்தெல்லாம் நிம்மதியாத்தான் இருந்தேன். இப்ப நீங்க ஜீப்புல வந்து எறங்கறதைப் பாத்தப்பதான் ஒரு ரோசனை வந்துச்சு. புள்ளைக்குத்தான் தெரியுமே! எத்தனை வருசமா இருந்துச்சுன்னும் தெரியும், எங்க இருந்துச்சுன்னும் தெரியும். வாத்தியாரு கேட்டா அவ என்ன சொல்வா? இருந்துச்சுன்னா அப்பனைக் காட்டிக் குடுத்த மாதிரி. இல்லைன்னா படிப்புல எழுதற மொத வரியே பொய். எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னாலும் சொல்லிருவா சார். அதுதான் எனக்குப் பயம். ஆமாங்க, பயந்தான். அவ சொன்னது சரிதான்.

அதா, பழனியப்பன் வந்துட்டாரு. பழனியப்பா, சாவி இருக்கட்டும், நீ போயி உக்காரு. தொட்டித் தண்ணி நல்லாத்தான் இருக்கும் சார், அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அதை அப்பறம் புடிச்சுக்கலாம். நீங்க பாட்டிலையும் அந்த எழுதற பேடையும் எடுத்துட்டு எங்கூட வாங்க. பாய்லருக்குப் பின்னால. பாத்து, பாசி வழுக்கும்.

பேருங்களா? நாச்சிமுத்து. அப்பா பேரு காளியண்ணன். நோட்டீசு அனுப்புவீங்களோ, கரண்டைப் புடுங்குவீங்களோ, சட்டப்படி என்ன உண்டோ அதைப் பண்ணுங்க, நான் மறுத்துப் பேச மாட்டேன். எந்தக் கொழாய், எத்தனை வருசம், எல்லாம் சொல்றேன், ஒண்ணு விடாம எழுதிக்குங்க. எம்பேரு உங்க கையெழுத்துல இருந்துட்டுப் போகட்டும் தம்பி. என்ற புள்ளை கையெழுத்துல வேண்டாம்.